பேச வரச் சொல்வது சரி, எதைப் பேச?

சிங்கப்பூரில் தமிழுக்கு ரிலீஃப் டீச்சர் (விடுப்பில் போனவருக்குப் பதிலாக வருபவர்), ஒப்பந்த ஆசிரியர் வேலைகளுக்கு விண்ணப்பித்தால் சில பள்ளிகளிலிருந்து இப்படித்தான் அழைப்பு வருகிறது: "நேர்காணல் எல்லாம் இல்லை டீச்சர், வந்து பேசிட்டுப் போங்க." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் பேசப் போகிறார்கள்? தாய்மொழித் துறைத் தலைவரா, பள்ளி முதல்வருமா? பாடம் நடத்திக் காட்ட வேண்டுமா? ஒன்றும் சொல்வதில்லை.

போய் உட்கார்ந்தால் முழு நேர்காணல்தான். போன முறை, வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளையை எப்படித் தமிழில் பேச வைப்பீர்கள் என்று கேட்டார்கள். அருமையான கேள்வி, சிங்கப்பூரில் தமிழாசிரியர் வேலைக்கு உயிரே அதுதான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் தமிழ்த் தேர்வில் 200 மதிப்பெண்ணுக்கு 50 வாய்மொழிக்கு. காணொளியைப் பார்த்துவிட்டுப் பிள்ளை தன் கருத்தைத் தானே சொல்ல வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் ஒரு காணொளியும் என் பயிற்சித்தாள்களும் கொண்டுபோய்ச் செய்தே காட்டியிருப்பேன். எதுவும் வேண்டாம் என்று வரச் சொல்லிவிட்டு, "மாதிரிப் பாடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்பது என்ன நியாயம்?

எந்த வகுப்பு, எத்தனை மாதம், சம்பளம் எவ்வளவு என்று நாம் கேட்டால் மட்டும் "அப்புறம் பார்க்கலாம்." அதற்காக வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து கிழக்கே பிடோக் வரை போய் வர வேண்டும்.

யார் இருப்பார்கள், எவ்வளவு நேரம், என்ன கொண்டுவர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். தயவுசெய்து அழைக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.