யார் பாட்டு என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்

போன ஆகஸ்ட்டில், சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் நடந்த தேசிய தின விருந்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். பத்துப் பிள்ளைகள் சிவப்பும் வெள்ளையுமாக உடுத்திக்கொண்டு மேடையேறி ‘முன்னேறு வாலிபா’ பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். கடைசி வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் வாய் அசைப்பதை விட்டுவிட்டு, தொடையில் தட்டித் தாளம் போடுவதிலேயே மூழ்கிப்போயிருந்தாள். கைதட்டல் அடங்கியதும் நிகழ்ச்சி நெறியாளர் ஒலிவாங்கியை எடுத்து, “நம் முன்னோர் காலத்திலிருந்து வரும் பாரம்பரியப் பாடல்” என்று சொல்லிவிட்டு அடுத்த அங்கத்துக்குப் போய்விட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் அந்த நெறியாளர் பையனைப் பிடித்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். “தம்பி, அது பாரம்பரியப் பாடல் இல்லை. எஸ். ஜேசுதாசன் என்று ஒருவர் எழுதி மெட்டமைத்தது. 1960களில், நாடு தனியாகி நின்ற புதிதில்” என்றேன். “அப்படியா அங்கிள்? எனக்கு யாருமே சொன்னதில்லையே” என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இது மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. 1958இல் நம் தேசிய கீதமான ‘மஜுலா சிங்கப்பூரா’வை இயற்றிய ஸுபிர் சயித்தின் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள். தோபி காட் பக்கம் இருக்கும் கலைப்பள்ளி எந்தச் சாலையில் இருக்கிறது தெரியுமா? ஸுபிர் சயித் பெயர் வைத்த சாலையில், 1ஆம் எண்ணில். ஒரு பாட்டுக்காரருக்கு ஒரு நாடு செய்யக்கூடிய அழகான மரியாதை அது. அதே பிள்ளைகள் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று வித்தியாசமில்லாமல் ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் ‘முன்னேறு வாலிபா’ பாடுகிறார்கள். தமிழ் தெரியாத பிள்ளைக்கும் அந்த வரி மனப்பாடம். பாட்டு வாழ்கிறது. அதைச் செய்தவரின் பெயர் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. 2012இல் வந்த ‘சிங்கை நாடு’ யார் பாட்டு என்று கேட்டுப் பாருங்கள். ஷபீர் என்று உடனே பதில் வரும். அந்தப் பாட்டு அவர் பெயரோடு சேர்ந்தே நம்மிடம் வந்தது, அதனால்.

நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: பாட்டைப் போடுகிறவர்கள், பாடுகிறவர்கள், மேடையேற்றுகிறவர்கள் எல்லாரும் அது யாருடைய பாட்டு, யார் வாசிக்கிறார் என்று சொல்ல வேண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சோங் பாங் கம்பத்தில் வளர்ந்தவன் நான். இப்போது வயது 54. அப்பாவுக்கு செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. வேலை முடிந்து குளித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்காருவார். கையில் ஒரு 555 நோட்டு இருக்கும். இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும், மளிகைக் கடையில் கடன் எழுதுவதற்கு வைத்திருப்பார்களே, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு. அறிவிப்பாளர் அவசரப்படாமல் சொல்வார்: படத்தின் பெயர், பாடியவர்கள், பாட்டை எழுதியவர், இசையமைத்தவர். அதற்கப்புறம்தான் பாட்டு வரும். அப்பா பென்சிலால் நான்கையும் ஒரே வரியில் எழுதிவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்னை எழுதச் சொல்வார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்று முழுதாக எழுத அந்த நோட்டில் இடம் போதாது. ‘ப.கோ.க.’ என்று போடுவேன். தமிழ் எழுத எனக்குப் பழகியது பள்ளியில் பாதி, அந்த நோட்டில் பாதி.

சம்பளம் வந்த வாரம் சிராங்கூன் சாலைக்குப் போவோம். அங்கே ஒரு கேசட் கடை. பட்டியலையும் ஒரு காலி டிடிகே 90ஐயும் கொடுத்தால், இசைத்தட்டுகளிலிருந்து பதிவு செய்து அடுத்த வாரம் தருவார்கள். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், பத்துப் பாட்டு. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிப்பார். ஒருமுறை பாதியில் நிறுத்தி, “அண்ணே, இது எம்.எஸ்.வி. இல்லை. வி. குமார் போட்டது” என்று சொல்லி, அப்பா எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியான பெயரை எழுதினார். அப்பா முகம் சிவந்துவிட்டது. கோபத்தில் இல்லை. ஒரு மனிதருக்குச் சேர வேண்டியதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோமே என்ற வெட்கம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேருந்தில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது, அடித்த கோட்டோடு.

இப்போது காரில் வானொலியைப் போட்டால் என்ன நடக்கிறது? எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. வடக்கே ஈசூன் பக்கம் இருந்தால் எல்லை தாண்டி மலேசியாவிலிருந்து வருவதும் கேட்கும். அறிவிப்பாளர் கலகலவென்று பேசுகிறார், நேயரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துகிறார், பாட்டு வருகிறது, அதன் வால் முடிவதற்குள் விளம்பரம் வருகிறது. பெயர் வருவதில்லை. வந்தால் பாடகர் பெயர் வரும், அல்லது படத்தில் நடித்தவரின் பெயர் வரும். இன்னமும் நான்கு பெயரையும் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுகிற அறிவிப்பாளர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் நிகழ்ச்சி என்றால் நான் வீட்டுக்கு வந்த பிறகும் காரை நிறுத்திவிட்டு, பாட்டு முடியும்வரை கீழே கார்ப்பேட்டையில் உட்கார்ந்திருப்பேன். செயலிகளிலும் இதே கதைதான். இசையமைப்பாளரும் பாடகர்களும் ஒரே வரியில் கலந்து கிடப்பார்கள், யார் எது செய்தார் என்று தெரியாது. பாடலாசிரியரைத் தேடி இரண்டு தட்டு உள்ளே போக வேண்டும். அங்கேயும் பல பழைய பாட்டுகளுக்கு வெறுமைதான்.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். குறைந்ததைச் சொல்கிறேன். எண்பதுகளின் பாட்டு என்றாலே இளையராஜா என்று ஆகிவிட்டது. ராஜாவின் பக்தன் நான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘ராஜா ஹிட்ஸ்’ என்று ஆள் ஆளுக்குத் தொகுத்து அனுப்பும் பட்டியல்களைப் பாருங்கள். நடுவில் சங்கர் கணேஷ் இருப்பார், டி. ராஜேந்தர் இருப்பார், சந்திரபோஸ் இருப்பார். ‘ஆவாரம்பூவு ஆறேழு நாளா’ எத்தனை முறை அந்தப் பட்டியலில் வந்திருக்கிறது! அது 1984இல் வந்த ‘அச்சமில்லை அச்சமில்லை’ படத்துப் பாட்டு. இசை வி.எஸ். நரசிம்மன். அவர் யார்? ராஜாவின் குழுவிலேயே வயலின் வாசித்தவர். 1986இல் ராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் நம் நெஞ்சைப் பிடித்து இழுக்கிறதே ஒரு வயலின், அது அவருடைய கை. ஒரு பெயர் தெரிந்தால் இப்படி ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கதவு திறக்கும். பெயர் தெரியாவிட்டால் இரண்டு பாட்டும் இரண்டு தீவு. அவருடைய உழைப்பை ராஜாவின் கணக்கில் எழுதுவதால் ராஜாவுக்கு ஒரு பெருமையும் கூடப்போவதில்லை. நரசிம்மனுக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் மேடை. போன வருஷம் ஒரு பெரிய சினிமா இசை நிகழ்ச்சிக்கு 168 வெள்ளி கொடுத்துப் போனேன். பாடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உயிரைக் கொடுத்துப் பாடினார்கள். இடையில் ஒரு பழைய பாட்டு. அதன் இரண்டாவது இடையிசையில் புல்லாங்குழல் தனியாக வரும், எட்டு வினாடி இருக்கலாம். அந்த எட்டு வினாடிக்காகவே அந்தப் பாட்டை நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். குழல் எழுந்தது, என் கை சிலிர்த்தது. மூன்று மாடி உயரத் திரையில் என்ன காட்டினார்கள்? பாடகர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைப்பதை. குழல் வாசித்தவர் கடைசி வரிசையில், கீபோர்டுக்குப் பின்னால், இருட்டில் இருந்தார். குழல் நுனியில் பட்ட சின்ன நீல வெளிச்சம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றரை மணி நேர நிகழ்ச்சியில் நன்றி சொன்ன பட்டியலில் விளம்பரதாரர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர் பெயர் வரவில்லை. தபேலாக்காரர் பெயரும் வரவில்லை. பல பாட்டுகளில் வயலின் கூட்டம் பொங்கியது, மேடையில் ஒரு வயலின்கூட இல்லை. எல்லாம் மடிக்கணினியிலிருந்து வந்தது. அதை நான் பெரிய தப்பென்று சொல்லவில்லை. நாற்பது பேரை விமானம் ஏற்றிக் கொண்டுவருவது எவ்வளவு செலவு என்று எனக்கும் தெரியும். ஆனால் உயிரோடு வந்து வாசிக்கிற எட்டுப் பேரையாவது வெளிச்சத்தில் வைக்கலாம் இல்லையா?

இது முடியாத காரியமும் இல்லை. கர்நாடக சங்கீதக் கச்சேரி அழைப்பிதழ் எதையாவது எடுத்துப் பாருங்கள். பாட்டு யார், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று வரிசையாக இருக்கும். பல நேரம் தம்பூரா போடுகிறவர் பெயர்கூட இருக்கும். சினிமாவிலும் அந்த மரியாதை இருந்ததுதான். 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ‘அவளுக்கென்ன’ பாட்டைப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தையே திரைக்குக் கொண்டுவந்தார்கள். டி.எம்.எஸ். நின்று பாடுகிறார், எம்.எஸ்.வி. கையசைத்து நடத்துகிறார், வாத்தியக்காரர்கள் வாசிப்பது முகத்தோடு தெரிகிறது. அந்தப் பாட்டை எப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். ஏ.ஆர். ரஹ்மான் வந்த பிறகு கேசட் உறையில் வாத்தியக்காரர்களின் பெயர்களையும் அச்சிட்டார்கள். ‘பம்பாய்’ படத்தின் அந்தக் குழல் நவீன் குமார் என்று நமக்குத் தெரிந்தது அந்த வழக்கத்தால்தான்.

பெரிய அரங்கத்தில் இதற்கு நேரமில்லை என்பார்கள். உள்ளரங்கு விளையாட்டரங்கத்தில் 12,000 பேர் உட்காரலாம், ஸ்டார் தியேட்டரில் 5,000 பேர். அத்தனை பேரைக் கட்டிப்போடுவது சுலபமில்லை, சரி. ஆனால் எட்டுப் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? எஸ்பிளனேடின் திறந்தவெளி மேடையில் ஒரு கலா உத்சவ இந்தியக் கலைவிழாவின்போது இலவச நிகழ்ச்சி ஒன்று பார்த்தேன். நம்மூர் இளையர்கள். பாடிய பெண் முதல் பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, ஒவ்வொருவரையும் நான்கு ஆவர்த்தனம் தனியாக வாசிக்கவைத்தாள். டிரம்ஸ் வாசித்த பையனின் பெயரைச் சொன்னதும் எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். கைதட்டவில்லை, படம் எடுக்கவில்லை, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பக்கத்தில் இருந்தவர் புடவையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தார். அந்த அம்மாவை நான் மறக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது அதைப் படைத்தவர் பெயரையும், ஒரு கலைஞரின் நிகழ்த்துதலைப் பயன்படுத்தும்போது அந்தக் கலைஞர் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையை அது கொடுத்திருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, நான் வழக்கறிஞர் இல்லை. யாரையும் சட்டத்தைக் காட்டி மிரட்டவும் இதைச் சொல்லவில்லை. அப்பா 555 நோட்டில் செய்ததை நாட்டின் சட்டமே ஓர் உரிமை என்று எழுதிவைத்திருக்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

குட்டி வீடியோக்கள் இளையர்களின் ரசனையைக் கெடுத்துவிட்டன என்று என் வயதுக்காரர்கள் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. என் மகள் பதினைந்து வினாடி வீடியோவில் ஒரு பழைய பாட்டின் துண்டைக் கேட்டுவிட்டு, “அப்பா, இதில் அழுகிற மாதிரி ஒன்று வாசிக்கிறாங்களே, அது என்ன?” என்று வந்து கேட்டாள். ஷெனாய் என்றேன். “யார் வாசிச்சது?” என்பது அடுத்த கேள்வி. எம்.எஸ்.வி. காலத்து ஷெனாய் சத்யம் பற்றிச் சொன்னேன். இரவு பதினொன்றரை மணிவரை உட்கார்ந்து கேட்டாள். பிள்ளைகள் கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

அதனால் நண்பர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். கால்டிகாட் குன்றில் வானொலி இருந்த நாட்களில் அங்கே போய்ப் பாடியவர்கள், வாசித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். அப்பாவோ, பெரியப்பாவோ, அத்தையோ. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அக்கார்டியனும் தபேலாவும் வாசித்த குழுக்களில் இருந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் என்ன வாத்தியம் வாசித்தார்கள், எந்த வருஷம், எந்த இடம் என்று கீழே எழுதுங்கள். குடும்பத்துக்குச் சம்மதம் என்றால் பெயரையும் போடுங்கள். நான் ஒரு பெரிய நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்பாவின் 555 நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். ஏழாவது வரியைப் பாருங்கள். பாட்டின் முதல் அடி இருக்கிறது, பாடியவர் பெயர் இருக்கிறது, இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது. எழுதியவர் இடத்தில் அப்பா ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நிரப்பிவிடுகிறேன்.