தயாராக இல்லாதது மக்களா?

"சமூகம் இன்னும் தயாராகவில்லை, ஒரேபாலினத் திருமணத்துக்கு என்ன அவசரம்?" என்று ஒரு கட்டுரையாளர் கேட்கிறார். 2023இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணிப்பில் இந்தியர்களில் 53 சதவீதம் பேர் ஆதரவு, 43 சதவீதம் பேர் எதிர்ப்பு. கணிப்புகளை நான் அப்படியே நம்புகிறவன் இல்லை, கிராமத்தில் நிலைமை வேறாகவும் இருக்கலாம். சரி, பெரும்பான்மை எதிர்க்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

தைவானில் 2018 பொது வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் எதிர்த்துத்தான் வாக்களித்தார்கள். ஆனால் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரேபாலினத் திருமணத்தைச் சட்டமாக்க 2017இலேயே இரண்டு ஆண்டு கெடு விதித்திருந்தது. 2019 மே மாதம் சட்டம் வந்தது. அப்புறம் அரசு எடுத்த கணிப்புகளில் ஆதரவு முன்பைவிட ஏறியது.

நம் சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் இல்லாமல், சில நேரம் தாலிகூட இல்லாமல் பல பத்தாண்டுகளாக நடந்தவை. 1967இல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அவை செல்லுபடியாயின. ஊரைக் கேட்டுவிட்டா கொண்டுவந்தார்கள்?

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒரேபாலினத் திருமணத்தை அனுமதிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. சேர்ந்து வாழும் ஒரேபாலின இணையர்களுக்கு ஓய்வூதியமும் வாரிசு உரிமையும் இன்றைக்கே தேவைப்படுகின்றன. நம் எம்.பி.க்களிடம் இதைக் கேட்க வேண்டும்.