போக்கர் மேசையில் முகத்தை விட்டுக் கையைக் கவனியுங்கள்

போக்கர் பழகத் தொடங்கும் நண்பர்கள் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, எதிரே இருப்பவர் ப்ளஃப் அடிக்கிறாரா (மோசமான சீட்டை வைத்துக்கொண்டு நல்ல சீட்டு இருப்பதுபோல் பந்தயம் வைக்கிறாரா) என்பதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான். நேருக்கு நேர் ஆடும் மேசையில் முகத்துக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள யாரும் சில மாதங்களில் பழகிவிடுவார்கள். பந்தயப் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளான சில்லுகளைத் தள்ளும் கையையும் அடக்க வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றுவதே இல்லை.

உளவியல் ஆய்வாளர் மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. 2009 உலகத் தொடர் போக்கர் (World Series of Poker) போட்டியின் காட்சித் துணுக்குகளில் சிலவற்றில் வீரரின் முகத்தை மட்டும், சிலவற்றில் கைகளை மட்டும் மாணவர்களுக்குக் காட்டி, அவரிடம் இருக்கும் சீட்டு எவ்வளவு வலுவானது என்று கணிக்கச் சொன்னார்கள். முகத்தைப் பார்த்துச் சொன்னது குருட்டு ஊகத்தைவிட மேலாக அமையவில்லை. கைகளைப் பார்த்துச் சொன்னது அதைவிடச் சரியாக அமைந்தது. தயங்காமல் சீராகச் சில்லுகளை நகர்த்துவது பெரும்பாலும் நல்ல சீட்டின் அடையாளமாக இருந்தது.

கை நடுக்கத்தைத்தான் புதியவர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெரிய பந்தயம் வைக்கும்போது விரல்கள் நடுங்கினால் பயம் என்று நினைத்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ப்ளஃப் அடிப்பவர் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிலைபோல் இருக்கவே முயல்வார். அருமையான சீட்டு விழுந்தவருக்குத்தான் உடல் கட்டுக்கு அடங்காமல் நடுங்கும். அதேபோல, மேசையில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகளாக மூன்று ஆர்ட்டின் விழுந்தவுடன் ஒருவர் தன் இரண்டு சீட்டுகளின் ஓரத்தை மறுபடியும் தூக்கிப் பார்த்தால், அவரிடம் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) இன்னும் சேரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். இரண்டும் ஆர்ட்டினாக இருந்திருந்தால் அது அவர் நினைவில் இருந்திருக்கும். ஒன்றாவது ஆர்ட்டினா என்றுதான் அவர் பார்க்கிறார். ஆனால் அவர் எப்போதும் இப்படிப் பார்க்கும் பழக்கமுள்ளவரா என்பதை அதற்கு முன்பே அரை மணி நேரமாவது கவனித்திருக்க வேண்டும்.

பந்தயம் வந்த வழியை மறந்துவிட்டு உடலை மட்டும் படிப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, லாஸ் வேகாஸில் 2003 உலகத் தொடரின் இறுதியில் கிறிஸ் மணிமேக்கரும் சாமி ஃபார்ஹாவும் மோதிய அந்த ஓர் ஆட்டத்தைத்தான். ஃபார்ஹாவிடம் ஒன்பதில் ஜோடி இருந்தது. ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் (வரிசையாக அடுத்தடுத்து ஐந்து சீட்டு) இரண்டுக்கும் காத்திருந்து எதுவும் கிடைக்காத மணிமேக்கர், கடைசிச் சீட்டு விழுந்ததும் தன் சில்லுகள் அனைத்தையும் வைத்தார். ஃப்ளஷ் தவறிவிட்டதா என்று ஃபார்ஹா கேட்டார். அவர் கணிப்பு மிகச் சரி. சீட்டுகளும் பந்தயங்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. எதிரே கறுப்புக் கண்ணாடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தவரின் உடலில் அதற்கு உறுதி தேடினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே எதுவும் கிடைக்கவில்லை. ஃபார்ஹா சீட்டை மடக்கி, அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். அந்த ஆண்டின் பட்டமும் 25 லட்சம் டாலர் பரிசும் மணிமேக்கருக்குப் போயின.