ஆயிரம் மடங்கு என்றால், எந்தத் தண்ணீரில்?

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, மூன்றாவது முறையாகவும் திரையில் வெறும் நேர்கோடுதான் வந்தது. நான் ஆற்றுநீரில் தேடும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி மருந்து வர வேண்டிய இடத்தில் சிறு மேடுகூட இல்லை. "உணர்திறன் ஆயிரம் மடங்கு உயர்ந்தது" என்று நான் பின்பற்றிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே அறிவிப்பவர்கள், தங்கள் மாதிரியை எந்தத் தண்ணீரில் கரைத்தார்கள் என்பதை ஏன் அதே இடத்தில் சொல்வதில்லை?

கேபிலரி எலக்ட்ரோபோரெசிஸில், அதாவது மயிரிழை போன்ற குழாயில் (கேபிலரி) மின்புலத்தால் பொருள்களைப் பிரித்தறியும் முறையில், வேலை செய்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். கேபிலரியின் உள்விட்டம் 50 மைக்ரோமீட்டர். மருந்தை அளக்கும் ஒளி கடக்கும் தூரமும் அவ்வளவுதான். எச்.பி.எல்.சி. என்ற திரவப் பிரிப்புக் கருவியின் 10 மில்லிமீட்டர் அளவீட்டுச் செல்லில் இருநூறில் ஒரு பங்கு. ஆகவே செறிவூட்டாமல் யூ.வி. (புற ஊதா ஒளி) டிடெக்டரைக் கொண்டு ஆற்றுநீரில் மருந்தைத் தேடுவது வீண். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றொழித்ததால் 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து டைக்ளோஃபினாக். நீரில் அது எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குப் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

மாதிரியைக் கேபிலரிக்குள்ளேயே செறிவூட்டும் ஸ்டாக்கிங் தத்துவத்தில் எனக்குக் குறையே இல்லை. மாதிரியின் மின்கடத்துதிறன் குறைவாக இருந்தால் அங்கே மின்புலம் வலுக்கும்; அயனிகள் விரைந்தோடி, பஃபர் என்ற மின்கடத்தும் கரைசலின் எல்லையில் வேகம் குறைந்து, மெல்லிய பட்டையாக நெருங்கி நிற்கும். கேபிலரி முழுவதையும் மாதிரியால் நிரப்பி, மாதிரி நீரைப் பின்வழியே வெளியேற்றியதும் மின்துருவத்தை மாற்றிச் செய்யும் முறையை சியென், பர்கி என்ற ஆய்வாளர்கள் 1992-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் அது உப்பில்லாத மாதிரிக்கான முறை. நான் எடுத்ததோ கழிமுகத்துக்கு அருகிலுள்ள நீர்.

அரை லிட்டர் நீரை வடிகட்டி, மருந்தைப் பிடித்துவைக்கும் கார்ட்ரிட்ஜில் சொட்டுச் சொட்டாக இறக்கி, கழுவி, மெத்தனாலில் பிரித்தெடுத்து, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, 200 மைக்ரோலிட்டர் தூய நீரில் கரைத்தேன். ஒரு பகல் முழுவதும் அதிலேயே போயிற்று. பஃபர் மட்டும் இருக்கும்போது மின்னோட்டம் 40 மைக்ரோஆம்பியர். மாதிரி நீர் வெளியேற வெளியேற மின்னோட்டம் மெல்ல ஏறி 38-ஐத் தொடும்போது துருவத்தை மாற்ற வேண்டும் என்பது அந்தக் கட்டுரையின் கட்டளை. எனக்கோ தொடக்கமே 33. கழுவியும் போகாத உப்பு! கண்ணிமைக்கும் நேரத்தில் 38 வந்தது, மாற்றினேன். மாதிரி நீர் இன்னும் உள்ளேயே இருந்ததால் பட்டை மேடே தெரியாத அளவுக்குப் பரந்து சிதைந்தது. இரண்டாம் முறை சற்றுப் பொறுத்தேன். மருந்து முழுவதும் வந்த வழியே வெளியேறி பஃபர் குப்பிக்குள் போய்விட்டது. மூன்றாம் முறையும் அதே கதி.

மாதிரியின் கடத்துதிறனை எழுத ஒரே ஒரு வரி போதும். அந்த வரிக்காக நள்ளிரவில் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தேன். எங்கும் இல்லை. இணைப்புக் கோப்பின் கடைசி அட்டவணைக்கு அடியில், சிறிய எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: எல்லா அளவீடுகளும் அயனி நீக்கிய நீரில் செய்யப்பட்டவை.