1872இல் போட்ட உத்தரவும் பாங்காக் நண்பரின் தோள்பட்டையும்

பாங்காக்கில் எங்கள் அலுவலகத்தில் யாராவது ஜப்பான் போய்த் திரும்பினால் இரண்டு விஷயங்கள் நிச்சயம். திருப்பதி போய்வந்தவர் லட்டு கொடுப்பதுபோல எல்லோர் மேசையிலும் ஒரு ஜப்பானியத் தின்பண்டம் இருக்கும். மதியச் சாப்பாட்டின்போது அந்தப் புலம்பல் தொடங்கும். தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடையாது, ரயிலில் ஒருவரும் சத்தமாகப் பேசுவதில்லை, கடைக்காரர் வாசல் வரை வந்து குனிந்து வழியனுப்புகிறார், நாம் எந்த ஜன்மத்தில் இப்படி ஆகப் போகிறோம்? தின்பண்டம் எனக்குப் பிடிக்கும். புலம்பல்தான் பிடிக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில், இது நாலு பேர் போய்வரும் பயணம் இல்லை. 2013 ஜூலையில், ஆசியான் நாடுகளுடனான நட்புறவின் 40ஆம் ஆண்டை ஒட்டி, தாய்லாந்துக்காரர்கள் 15 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று ஜப்பான் கதவைத் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் போனவர்கள் இரண்டரை லட்சத்துக்குச் சற்று அதிகம். 2019இல் அது 13 லட்சம். கொரோனாவுக்குப் பிறகு 2024இல் மறுபடியும் 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏழு கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு இது பெரிய எண்ணிக்கை. மலிவு விமானங்கள் வந்தன, யென் மதிப்பு விழுந்தது. 2023இல் கொரியக் குடிவரவு அதிகாரிகள் நடத்திய விதத்தில் கொதித்துப்போய் 'கொரியப் பயணத்தைப் புறக்கணிப்போம்' என்று சமூக வலைத்தளங்களில் ஓர் அலை கிளம்பியது. அதில் ஒரு பகுதியும் ஜப்பான் பக்கம் திரும்பியது. ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வரும் சொங்க்ரான் விடுமுறையில் பாங்காக் விமான நிலையத்தைப் பார்க்க வேண்டும். அதற்குள் டோக்கியோவில் செர்ரிப் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் வடக்கே தோஹொக்கு பக்கம் போவார்கள். கியூஷுத் தீவின் சாகா மாநிலத்தில் யூதொக்கு இனாரி என்றொரு கோயில் இருக்கிறது. 2014இல் வெளிவந்த ஒரு தாய்லாந்துப் படம் அந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்தச் சின்ன ஊருக்கும் தாய்லாந்துக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது.

இப்படிப் போகிறவர்கள் முரடர்களும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு தாய்லாந்துக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரியவர் முன்னால் உடம்பைத் தாழ்த்திக்கொண்டு கடப்பது, கைகூப்பும்போது எதிரில் இருப்பவரின் தகுதிக்கேற்பக் கையை மார்பிலோ முகத்தருகிலோ நெற்றியிலோ வைப்பது எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பழக்கப்படுத்தப்படுகிறது. 15 பாகை, 30 பாகை, 45 பாகை என்று ஜப்பானியர் குனிவதற்குக் கணக்கு வைத்திருப்பதைப் பார்த்து நாம் வியப்போம். தாய்லாந்துக்காரர்கள் வியப்பதில்லை, உடனே பிடித்துக்கொள்வார்கள். பாங்காக் வான்ரயில் ஓட ஆரம்பித்தது 1999இல். அங்கே நடைமேடையில் இறங்குபவருக்கு வழிவிட்டு வரிசையில் நிற்கும் பழக்கம் இருக்கிறது. வாகனமும் இரண்டு ஊரிலும் சாலையின் இடப்பக்கம்தான்.

ஆகவே ஒழுக்கம் தெரியாதவர்கள் ஒழுக்கம் தெரிந்தவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்ற கதையை நான் நம்புவதில்லை. இடிக்கிற இடங்கள் இருக்கின்றன. இரண்டு மரியாதைகள் ஒரே வாசலில் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நிற்கிற இடங்கள் அவை.

எங்கள் குழுவில் ஒருவருக்கு இடது தோள்பட்டையில் ஐந்து வரி யந்திரம் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. நக்கோன் பதோம் மாகாணத்தில் வாட் பாங் ப்ரா என்ற விகாரை இந்தக் கலைக்குப் பேர்போனது. பிக்கு நீண்ட ஊசியால் குத்தி, மந்திரம் சொல்லி ஊதி முடித்தால்தான் அதற்குச் சக்தி. குத்திக்கொண்டவர் இன்னின்ன செய்யக்கூடாது என்று நியமங்களும் உண்டு. எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்து. அதன் பாட்டன் நம் பல்லவர் எழுத்து. அதனால் அந்தத் தோள்பட்டை மேல் எனக்கும் கொஞ்சம் சொந்தம் இருப்பதாக அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் வீட்டில் அது அம்மா மனநிறைவோடு பார்க்கிற விஷயம். மகனுக்குக் காப்பு.

மலைப்பக்கத்து வெந்நீர் ஊற்றுக் குளியல் இல்லம் ஒன்றுக்குப் போனோம். வாசல் பலகையில் பச்சை குத்திய உடம்பின் படம், மேலே சிவப்புக் கோடு. கவுண்டரில் இருந்தவர் மிகவும் பணிவானவர். எழுந்து நின்று, குனிந்து, வருத்தம் தெரிவித்து, இரண்டு முன்கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டினார். பிறகு உள்ளங்கை அகலத்தில் தோல் நிற ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இதற்குள் அடங்கினால் மறைத்துக்கொண்டு வரலாம். ஐந்து வரியில் இரண்டு வரி மறைந்தது. நண்பர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார், ஒட்டுத்தாளை நேர்த்தியாகப் பிரித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார், கைகூப்பினார், வெளியே போய்விட்டார். நாங்கள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், வெளியே இருந்த பொதுக் கால்குளியல் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் ஒரு ஜப்பானியப் பாட்டி காலை நன்றாக நீட்டிக்கொண்டு கண் மூடியிருக்கிறார். இவரோ காலை மடக்கிப் பக்கவாட்டில் திருப்பி, இடுப்பு வலிக்க உட்கார்ந்திருக்கிறார். பெரியவர் பக்கம் பாதத்தைக் காட்டக்கூடாதே! யாரும் கேட்காத மரியாதை. உள்ளே விடப்படாத ஆள் செய்த மரியாதை.

இங்கேதான் எனக்கு அந்தப் புலம்பலின் மேல் எரிச்சல் வருகிறது. 'அது அவர்களின் தொன்மையான மரபு, நாம் மதிக்க வேண்டும்' என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் நண்பருக்கு ஆறுதல் சொன்னார். மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. தொன்மையான மரபா? டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், அதாவது 1868க்கு முன், குற்றவாளிகளுக்கு அடையாளமாகப் பச்சை குத்தினார்கள் என்பது உண்மை. அதே எடோவில் தீயணைப்பு வீரர்களும் கூலியாட்களும் முதுகு நிறையப் பச்சை குத்திக்கொண்டு பெருமையாகத் திரிந்ததும் உண்மை. 1872இல், புதிதாக வந்த மெய்ஜி பேரரசரின் அரசு பச்சை குத்துவதைத் தடை செய்தது. டோக்கியோவில் அதே உத்தரவு ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிப்பதையும் அரை உடம்பு தெரியத் தெருவில் நடப்பதையும் தடுத்தது. ஐரோப்பியர் பார்த்து முகம் சுளிப்பார்களே என்ற கவலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். தடை நீங்கியது 1948இல், அமெரிக்க ஆக்கிரமிப்பின்போது. அதற்குள் பச்சை என்றால் யாகுசா, அதாவது ஜப்பானிய ரவுடிக் கும்பல், என்று ஆகிவிட்டது. 2015இல் ஜப்பானியச் சுற்றுலா முகமை குளியல் இல்லங்களிடம் கேட்டபோது, பதில் சொன்னவற்றில் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களை விடுவதில்லை என்றன. மேற்கத்திய விருந்தாளி முன்னால் மானம் காக்கப் போட்ட உத்தரவின் வால், இன்று கிழக்கத்திய விருந்தாளியை வாசலில் நிறுத்துகிறது.

அதே 1872இல் இன்னோர் உத்தரவும் வந்தது. இனி பௌத்தத் துறவிகள் இறைச்சி உண்பதும் மணம் முடிப்பதும் முடி வளர்ப்பதும் அவரவர் விருப்பம். 13ஆம் நூற்றாண்டுத் துறவி ஷின்ரான் வழிவந்த பௌத்தப் பிரிவினர் பல நூற்றாண்டுகளாகவே குடும்பஸ்தர்கள். இந்த உத்தரவுக்குப் பிறகு மற்றப் பிரிவுகளிலும் மெல்ல அது வழக்கமாயிற்று. தாய்லாந்து போன்ற தேரவாத பௌத்த நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதுதான் பெரிய இடி. தாய்லாந்தில் பிக்குவைப் பெண் தொடக்கூடாது. பெண் ஒரு பொருளைக் கொடுத்தால் பிக்கு துணியை விரித்து அதன்மேல் வாங்கிக்கொள்வார். நண்பகலுக்குப் பிறகு அவர் சாப்பிடுவதில்லை, மது ஆகவே ஆகாது.

எங்கள் அலுவலகத்து மூத்த அக்கா ஒருவர் புண்ணியம் என்று கோயாசான் மலையில் ஒரு கோயில் விடுதியில் தங்கினார். மொட்டைத் தலையும் அங்கியுமாக வந்த துறவி அறைச் சாவியை நேராக நீட்ட, அக்கா இரண்டடி பின்வாங்கிக் கைகூப்பிவிட்டார். அவர் பதிலுக்குக் குனிந்தார். இவர் இன்னும் தாழ்ந்தார். சாவி அந்தரத்தில் நிற்கிறது. கடைசியில் உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்து சாவியை வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மாள் துறவியின் மனைவி என்று தெரிந்ததும் அக்காவுக்குத் தலை சுற்றியது. ராத்திரிச் சாப்பாடு சுத்த சைவம். கூடவே 'பீர் வேண்டுமா?' என்ற விசாரிப்பு. அக்கா விடியற்காலைப் பூசையில் பயபக்தியோடுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் நாட்டுக்குத் திரும்பியதும், ஜப்பானில் எல்லாம் ஒழுங்கு, பிக்குகளைத் தவிர என்று தீர்ப்பு எழுதிவிட்டார். ஒழுக்கத்தில் யார் மேல் என்ற கேள்வி எவ்வளவு அர்த்தமற்றது என்பதற்கு அக்காவின் இந்தத் தீர்ப்பே எனக்குப் போதும்.

சாப்பாட்டுச் சங்கடங்கள் சின்னவை. ராமென் என்ற நூடுல்ஸை உறிஞ்சிச் சத்தம் எழுப்பிச் சாப்பிடுவது அங்கே தப்பில்லை. தாய்லாந்துக்காரர்களுக்கு அது காது கூசும். குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நடக்கூடாது, குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றக்கூடாது, இரண்டுமே சாவுச் சடங்கு. இதெல்லாம் ஒருமுறை சொன்னால் போதும். கருணைத் தெய்வமான குவான் யின் அம்மனை வழிபடும் சீன வம்சாவளிக் குடும்பங்களில் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். மாட்டிறைச்சிக்குப் பேர்போன கோபேக்கே போனாலும் கோழிதான். எல்லோர் கைப்பையிலும் மிளகாய்த்தூள் பொட்டலம் இருக்கும். சமையல்காரர் பார்க்காதபோது தூவிக்கொள்வார்கள்.

புலம்பல் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானியர் ரத்தத்திலேயே ஒழுங்கு ஊறியது என்கிறார்கள். 1964 ஒலிம்பிக்குக்கு முன்னால் டோக்கியோ தெருக்களில் குப்பையும் கிடந்தது, ஆண்கள் சுவரோரம் ஒதுங்கவும் செய்தார்கள். வெளிநாட்டவர் வருகிறார்கள் என்று இயக்கம் நடத்தி, அதட்டி, கெஞ்சித்தான் அது மாறியது. 1970களில் டோக்கியோ சுரங்க ரயிலில் 'காலை அகட்டி உட்காராதே', 'இடத்தை அடைக்காதே' என்ற ரீதியில் ஒழுங்குச் சுவரொட்டிகள் வந்தன. இன்றும் மாறி மாறி வருகின்றன. ரத்தத்தில் ஊறியதற்குச் சுவரொட்டி எதற்கு? ரயிலில் கைபேசியில் பேசக்கூடாது என்ற விதி கைபேசிக்கு முந்தியதாகவும் இருக்க முடியாது.

தாய்லாந்தின் கதையும் அப்படித்தான். ராஜா முன்னால் தரையில் விழுந்து கிடக்கும் வழக்கத்தை 1873இல் ஒழித்தவர் சூலலோங்கோர்ன் மன்னரே. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிபுன் சொங்க்ராம் அரசு மக்களைத் தொப்பி போடச் சொன்னது, வெற்றிலை போடாதே என்றது. நாகரிக நாடாகத் தெரிய வேண்டும் என்ற அதே தவிப்பு. இரண்டு நாட்டிலும் நாம் இன்று பண்பாடு என்று பார்க்கும் பலவும் அரசு மெனக்கெட்டுச் செய்தது. செய்யப்பட்டது என்பதால் மட்டமானது ஆகிவிடாது. ஆனால் அதன் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு 'நாம் பிறவியிலேயே மட்டம்' என்று சொல்ல வேண்டியதில்லை.

சொல்கிறார்கள், அதுவும் மிகக் கடுமையாக. ஒரு தாய்லாந்துக்காரர் ஜப்பானில் ஏதாவது தவறு செய்து செய்தியானால், ஜப்பானியரைவிட முந்திக்கொண்டு அவரைக் கிழிப்பது தாய்லாந்துக்காரர்கள்தான். 2017 ஜனவரியில் கியோட்டோ ஹோட்டல் ஒன்றில் ஓவியங்களைத் திருடியதாக ஒரு தாய்லாந்து உயர் அதிகாரி கைதானார். அவர் வேலை பார்த்தது அறிவுசார் சொத்துரிமைத் துறையில்! இதைவிட நல்ல கேலிப் பொருள் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அன்று இங்கே சிரிப்பைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது: இதைக் காரணம் காட்டி விசா சலுகையைப் பிடுங்கிவிட்டால்? ஜப்பானில் விசாக் காலம் முடிந்தும் தங்கிவிடுவோர் பட்டியலில் தாய்லாந்து முன்வரிசையில் இருப்பதால் அந்தப் பயம் இன்றும் போகவில்லை. எங்கள் அக்கா ரயிலில் தும்முவதற்குக்கூட யோசித்தது ஜப்பானியப் பண்பாட்டின் மேலுள்ள காதலால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

வந்த இடத்தின் வழக்கம் தெரியாமல் கையை நீட்டிய விருந்தாளியும் சரித்திரத்தில் உண்டு. 1942 டிசம்பர் 18. ராட்சபுரி மாகாணத்தில் பான் போங். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை வேலை நடக்கிறது. போர்க்கைதிகளுக்குச் சிகரெட் கொடுத்த ஒரு பிக்குவை ஜப்பானியச் சிப்பாய் அறைந்துவிட்டான். ஜப்பானியப் படைக்குள் கன்னத்தில் அறைவது அன்றாட விஷயம். தாய்லாந்தில் தலை புனிதம், பிக்கு அதைவிடப் புனிதம். கூலியாட்கள் கொதித்து எழுந்தார்கள், மோதலில் ஜப்பானியச் சிப்பாய்கள் இறந்தார்கள். பிறகு 1943இல் நகமுரா அகெட்டோ என்ற தளபதி வந்து, உள்ளூர்க்காரர்களைச் சமாதானப்படுத்துவதையே பெரிய வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்கள் ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஜப்பானியர் முரடர்கள் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. இன்று உலகத்துக்கே மரியாதை கற்பிப்பதாகப் பேர் வாங்கிய நாட்டுக்காரருக்கு, அன்று தாய்லாந்தின் மரியாதை புரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நண்பர் மறுபடியும் கிளம்புகிறார், இந்த முறை ஹொக்கைடோ. தனிக்குளியல் அறை உள்ள விடுதிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார், வாடகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அந்தப் பக்கம் இருக்கும் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், பச்சை குத்தியவர்களை ஒட்டுத்தாள் இல்லாமலே விடும் குளியல் இல்லம் சப்போரோ பக்கத்தில் தெரிந்தால் சொல்லுங்கள். முழு இடது தோள்பட்டை, முதுகு வரை.