ஆல் வீல் டிரைவுக்கு ‘ரெண்டு டயர் போதும்’னு எவன் சொன்னான்?

“முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க சார், பின்னாடி இன்னும் பத்தாயிரம் ஓடும்.” எந்த டயர் கடைக்குப் போனாலும் இதே பாட்டு. ரெண்டு மட்டும் மாத்துறது ஸ்விஃப்டுக்குச் சரி. நாலு சக்கரத்துக்கும் பவர் போற ஆல் வீல் டிரைவ் எக்ஸ்யூவி700-க்கும் இதையே சொல்றாங்க பாருங்க, அங்கதான் பத்திக்கிட்டு வருது.

கணக்குப் போட்டுப் பாருங்கய்யா. 235/60 ஆர்18 டயரோட விட்டம் சுமார் 739 மி.மீ. புதுசுல ட்ரெட், அதாவது ரோட்டுல படுற ரப்பர் பள்ளத்தோட ஆழம், 8 மி.மீ.னு வைங்க, பழசுல 3 மிச்சம். ரெண்டு பக்கமும் சேர்த்து விட்டத்துல 10 மி.மீ., சுற்றளவுல 31 மி.மீ. குறைஞ்சுபோச்சு. பாரம் ஏறி உருளும்போது வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஆனா மறையாது. கிலோமீட்டருக்கு அஞ்சு சுத்தாவது பழைய டயர் கூடுதலா சுத்தும். நேர் ரோட்டுலயே!

இதுல இன்னொரு மேதாவி, “புது ஜோடியைப் பின்னாடி போடணும் சார், அதான் ரூல்”னு ஆரம்பிப்பார். டூ வீல் டிரைவுக்கு அது ரொம்பச் சரி. ஆல் வீல் டிரைவுல அப்படிப் போட்டா, தேஞ்ச முன் சக்கரம் சின்னதாகி வேகமா சுத்தும். சென்சார் அதை வழுக்கல்னு நினைச்சு பின்பக்கம் பவரைத் தள்ளும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கிற கப்ளிங்குக்குள்ள இருக்குற கிளட்ச் பிளேட் ஓயாம உரசி, ஆயில் கருகி, சூடு தாங்காம ஆல் வீல் டிரைவே கட் ஆகும். பார்க்கிங்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கிறப்ப வண்டி இழுத்துப் பிடிச்சு உதறினா, வேலை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்.

“பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ல முன்ன பின்ன வேற சைஸ் இருக்கே?” இருக்கு. 275/45 ஆர்20, 305/40 ஆர்20. அகலம்தான் வேற, விட்டத்தைப் போட்டுப் பாருங்க, 755.5-க்கு 752. கம்பெனிக்காரன் கணக்குப் பண்ணித்தான் போட்டிருக்கான்.

மஹிந்திரா தார் 4x4-ல, முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்த விடுற சென்டர் டிஃபரென்ஷியலே கிடையாது. 2எச்-ல, அதாவது ரெண்டு சக்கர டிரைவுல, ஓட்டுற வரைக்கும் தப்பிச்சீங்க. நாலு சக்கர டிரைவான 4எச் போட்டா முன்னும் பின்னும் பூட்டின மாதிரி. சைஸ் ஒத்துவரலைன்னா பவரை முன்னும் பின்னும் பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் பலி.

டயர் மாத்துற அன்னிக்கு நாலுலயும் ஒரே காத்து வைங்க. ஜாக்கி போட்டுத் தூக்கி, ட்ரெட்டோட நடுவுல டேப் சுத்தி அளங்க. டயரோட பக்கச் சுவர்ல ஒரே சைஸ் நம்பர் இருந்தாலும் பிராண்டுக்கு பிராண்டு அளவு மாறும், அதனால அளக்காம நம்பாதீங்க. ஜப்பான் கார் கம்பெனி சுபாரு தன் வண்டிகளுக்குச் சொல்ற வரம்பு சுற்றளவுல கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. சொச்சம். அமெரிக்காவுல புது டயரைச் சீவி பழசுக்குச் சமமாக்கித் தர்றாங்க. நம்மூர்ல அதுக்கு எங்க போறது? ஆகவே நாலையும் சேர்த்து மாத்துங்க, 8,000-10,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் டயர்களை இடம் மாத்தி ரொட்டேஷன் பண்ணுங்க. ஸ்டெப்னி சின்ன சைஸா இருந்தா, பஞ்சர் கடை வரைக்கும் மட்டும்தான்.