தாழ்த்துவதற்கு முன் பின்னால் யார் உட்காருவார் என்று கேளுங்கள்

மதுரையில் பைக்கைத் தாழ்த்தித் தரும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஐந்தடிக்கு மேல் ஓர் அங்குலம் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பழைய 411 மாடலின் சீட் உயரம் 800 மில்லிமீட்டர், கேடிஎம் 390 அட்வென்சரின் பழைய மாடலுடையது 855. கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு காலின் நுனிவிரல் மட்டும் தரையில் பட, பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் விடாமல் ஹாரன் அடிக்க, நின்று பார்த்தவர்களுக்குத்தான் இந்த எண்களின் அருமை தெரியும்.

என் கோபம் வேறு. வண்டியைத் தாழ்த்தி முடித்ததும் பட்டறைப் பையன் தான் மட்டும் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறான். "பிரமாதமாக இருக்கிறது அக்கா" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறான். பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள், எவ்வளவு எடை, கையில் பை இருக்குமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த ஊரில் பைக் என்பது ஒருவருக்கான வண்டியா? அம்மாவை வெள்ளிக்கிழமை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், திரும்பும்போது மாட்டுத்தாவணியில் காய்கறி வாங்க வேண்டும். என் அம்மா புடவையில், ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் தேங்காய்ப் பையை வைத்துக்கொண்டுதான் வருவார். அந்த எடைக்குத்தான் வண்டியைச் சரிசெய்ய வேண்டும்.

தாழ்த்துவதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒற்றை ஷாக் அப்சார்பரும், அதைப் பின் சக்கர அமைப்போடு இணைக்கும் லிங்க் என்ற சிறு இணைப்புத் துண்டும் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் பழைய லிங்க்கை எடுத்துவிட்டு நீளமான லிங்க்கைப் போடுகிறார்கள். சக்கரம் உடம்பை நோக்கி மேலே ஏறுகிறது, சீட் இறங்குகிறது. உயரம் மட்டும்தான் மாறியது என்று நினைக்க வேண்டாம். லிங்க்கின் கோணம் மாறியதால் ஸ்பிரிங்கின் மேல் சக்கரத்துக்கு உள்ள நெம்பு பலமும் கூடிவிடுகிறது. அதே ஸ்பிரிங் இப்போது இளகிய ஸ்பிரிங்போல் நடந்துகொள்ளும். அது போக, டயருக்கும் உள் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் குறைந்துவிட்டது. பின்னால் உட்காருபவரின் எடையோ ஏறக்குறைய முழுவதும் பின் அச்சின் மேல்தான் இறங்குகிறது. ஆக, இளகிய ஸ்பிரிங், குறைந்த இடைவெளி, கூடிய பாரம். முதல் வேகத்தடையிலேயே டயர் மட்கார்டில் உரசும் 'சர்ர்' சத்தம் கேட்கும். "மெதுவாகப் போம்மா" என்று முதுகில் ஒரு தட்டும் விழும்.

இதைச் சொன்னால் எல்லாப் பட்டறையிலும் ஒரே பதில்தான்: "ஸ்பிரிங்கை டைட் வைத்துவிடலாம் அக்கா." ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோடு வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. அப்படி ஆகாது. சாதாரண ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு பாரம் கேட்டதோ, திருகிய பிறகும் அதே பாரத்தைத்தான் கேட்கும். ப்ரீலோடு செய்வதெல்லாம் பாரம் ஏறிய பிறகும் வண்டி நிற்கிற உயரத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான். அதுவும் தேவையான வேலைதான். ஆனால் தாழ்த்திய வண்டியில் ஒரு வேடிக்கை நடக்கும். அம்மாவுக்காகத் திருகி ஏற்றினால், அவரைக் கோவில் வாசலில் இறக்கிவிட்ட அடுத்த நிமிடமே சீட் பழைய உயரத்துக்குக் கிளம்பிவிடும். என் கால் மறுபடி நுனிவிரலுக்கு வந்துவிடும். காசு கொடுத்துக் குறைத்த உயரத்தைத் திருகியே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

எவ்வளவு திருக வேண்டும் என்பதற்கு ஊகம் வேண்டாம், தையற்கடை டேப் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது, அச்சு நட்டிலிருந்து நேர் மேலே பின் கைப்பிடியின் போல்ட் வரை அளக்க வேண்டும். அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அளவு பிசகாது. பிறகு வண்டியை இறக்கி, ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவரும் பின்னால் வருபவரும் வழக்கமாக உட்காருவதுபோல் உட்கார, இன்னொருவர் குனிந்து அதே அளவை எடுக்க வேண்டும். எங்கள் வாசலில் இது நடந்தபோது தெருவே கூடிவிட்டது; எதிர்வீட்டு மாமா, "வண்டிக்கு ஜாக்கெட் தைக்கப் போகிறாயா?" என்று கேட்டார். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கையொட்டி இருப்பது நல்லது. 180 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் உள்ள வண்டியென்றால் 60. நாங்கள் இருவரும் உட்கார்ந்ததும் வந்தது 95. பள்ளம் வருவதற்கு முன்பே பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ப்ரீலோடைத் திருகி 60-க்குக் கொண்டுவந்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அதன்பின் யாரும் ஏறாமல் வண்டியை நிறுத்திப் பாருங்கள். தன் சொந்த எடைக்கே அது கொஞ்சம் அமுங்க வேண்டும். துளியும் அமுங்காமல் விறைத்து நின்றால், உங்கள் பாரத்துக்கு அந்த ஸ்பிரிங் போதாது; எவ்வளவு திருகினாலும் தீராது. கூடிய பலமுள்ள ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். லிங்க்கை மாற்றுகிற அன்றே ஸ்பிரிங்கையும் பார்ப்பதுதான் முறையான வேலை. பாதி வேலைக்கு முழுக்காசு வாங்குகிறார்கள் என்பது என் கட்சி.

நம் சாலைகளையும் விட்டுவைக்க முடியாது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய மேடாக இருக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்கு ஊர் கிடப்பதை 3.7 மீட்டர் என்று சொன்னால் அந்த மேடே சிரிக்கும். ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும்பும் தார்க் கட்டிகள் அவை. 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி உள்ள வண்டியை 30 தாழ்த்தி, அம்மாவும் பையும் ஏறி இன்னும் கொஞ்சம் இறங்கினால், இன்ஜின் கீழ்த்தகடு அந்தக் கட்டியில் இடிக்கத்தானே செய்யும்? 2023-இல் திறந்த நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு மிருதுவாகத்தான் போகிறது. அதைக் காட்டி, "அங்கே ஓட்டிப் பாருங்கள், ஒரு குறையும் தெரியாது" என்கிற பட்டறைக்காரர்களை என்னவென்று சொல்வது!

முன்பக்கத்தையும் கவனிக்க வேண்டும். பின்புறம் மட்டும் இறங்கினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். வளைவில் வண்டி வெளிப்பக்கமாக விலகப் பார்க்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இருவராக ஏறினால் இது நன்றாகப் புரியும். இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், திட்டு நமக்கு. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை அவற்றின் பிடியில் மேலே நகர்த்தி முன்புறத்தையும் இறக்கலாம். ஆனால் முழுவதும் அமுங்கும்போது மட்கார்டோ டயரோ மேலே இடிக்கிறதா என்று பார்த்த பிறகே நட்டை முறுக்க வேண்டும். செயின் தொய்வை ஆள் உட்கார்ந்த நிலையிலும் பார்க்க வேண்டும். செயினின் முன் பல்சக்கரம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ஆணி, பின் அச்சு மூன்றும் நேர்கோட்டுக்கு வரும்போதுதான் செயின் மிக இறுகும், தாழ்த்திய வண்டி அந்தக் கோட்டுக்கு ஏற்கெனவே அருகில் நிற்கிறது. சைடு ஸ்டாண்டை வெட்டிக் குறைத்து வெல்டிங் செய்யாவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று, லேசாகத் தட்டினாலே வலப்பக்கம் சாயும். டயர் காற்று, வண்டியின் ஸ்டிக்கரில் இருவருக்கென்று போட்டிருக்கும் அளவாக இருக்க வேண்டும். பங்க் பையன் தன் இஷ்டத்துக்குப் பிடிக்கும் அளவல்ல.

"இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளுங்களேன்" என்று கீழே சிலர் எழுதப்போவது எனக்குத் தெரியும். பெண் பைக்கைப் பற்றி எழுதினால் வரும் முதல் வரி அது. ஸ்கூட்டரில் சக்கரம் இன்னும் சிறியது, அது மேலும் கீழும் போகும் தூரமும் இன்னும் குறைவு; அதே தார்க் கட்டியில் அதே இருவர் ஏறினால் அம்மாவின் இடுப்புக்கு அது இன்னும் மோசம். ஆகவே அந்த ஆலோசனையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் குறைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் வரிசை இதுதான். முதலில் ஓட்டுபவர் சீட்டின் நுரையை மட்டும் செதுக்கி, தொடை விரியும் இடத்தை ஒடுக்கிப் பாருங்கள். பின் சீட்டில் கைவைக்க விடாதீர்கள். அடுத்து, அடிப்பாகம் தடித்த பூட்ஸ். அதற்கும் கால் எட்டாவிட்டால்தான் லிங்க், அதுவும் கூடிய பலமுள்ள ஸ்பிரிங்கோடு. பட்டறைக்குப் போகும்போது பின்னால் உட்காருபவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரை ஏற்றி அளக்க முடியாது என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.